செயற்கைப் பல் வேர்



நம் காலனியில் பல்லிழந்தோர் சிலர் ‘இம்ப்ளாண்ட்’ பொருத்திக்கொள்ள விழைகின்றனர். யான் மருத்துவனல்லன், ரயில்வே குமாஸ்தா. எனினும் படித்தறிந்தவற்றைக் கூறுகிறேன்.

1952-இல் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் பிரோனெமார்க், முயலின் எலும்பிற் பதித்த டைட்டானியம் அவ்வெலும்போடு ஒன்றிவிட்டதைக் கண்டார். 1965-இல் தம் முதல் நோயாளியின் தாடையில் அதனைப் பல் வேராக்கினார்.

திருகு போன்ற அவ்வேரை இறக்கும்போது மரப்பூசியால் வலி தெரியாது. பிறகு கன்னம் வீங்கும். சில நாள் குழைந்த சோறே கதி. எலும்பு பிடித்துக்கொள்ள 3 முதல் 6 மாதம் வரை ஆகலாம். சிலீப்பர் கட்டையில் திருகாணியை முறுக்கியதும் வண்டியை விட்டுவிடலாம். தாடையோ உயிருள்ள பொருள். ‘ஒரே நாளிற் பல்’ என்று விளம்பரம் செய்வோர் அன்று தருவது பெரும்பாலும் தற்காலிகப் பல்லே.

எலும்பு தேய்ந்திருப்பின் முதலில் எலும்பு சேர்க்க நேரும். செலவும் காலமும் கூடும். சர்க்கரை கட்டுக்கடங்காதவர்க்கும் பீடி, சிகரெட் விடாதவர்க்கும் வேர் பிடிக்காமற்போகும் அபாயம் மிகுதி. (பின்வரிசை நண்பர்கள் நகைப்பது தெரிகிறது.)

இப்பல் சொத்தையாகாது. ஆயினும் துலக்காவிடின் ஈறு பழுத்து, எலும்பு கரைந்து, வேரே ஆடிவிடும். ஆண்டுக்கொருமுறையேனும் மருத்துவரிடம் காட்டவேண்டும்.

பல் முழுதும் இழந்தவர்க்குப் பல்லுக்கொரு வேர் வேண்டியதில்லை. 4 அல்லது 6 வேர்களே ஒரு தாடையின் வரிசையைத் தாங்கும். வேரின் விலையை மட்டும் சொல்லிவிட்டு, அதன்மேல் வைக்கும் பல்லுக்குத் தனியே கேட்போரும் உளர். ஆதலின் முன்பணம் கட்டுமுன் மொத்தச் செலவையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.