சுருதி கூட்டுவோரின் பகிடி
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் வைத்தியரான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



மண்டபத்துப் பியானோவைப் பற்றிப் பேசும்படி எம்மிடம் கேட்டார்கள். வைத்தியர்களுக்கும் பியானோவுக்கும் என்ன சம்பந்தம்? காதுகொடுத்துக் கேட்டுக் குறையை அறிவது இரு தொழிலுக்கும் பொது.

பியானோவுக்குச் சுருதி கூட்டுவோரிடையே பழைய பகிடி ஒன்று உண்டு. ஒருவர் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். "நான் உங்களைக் கூப்பிடவில்லையே" என்கிறார் வீட்டுக்கார அம்மா. "நீங்கள் கூப்பிடவில்லை அம்மா, பக்கத்து வீட்டார்தான் கூப்பிட்டார்கள்!"

சிரிப்பின் பின்னே உண்மை இருக்கிறது. சுருதி மெல்ல மெல்லவே இறங்குவதால், தினமும் வாசிப்பவரின் காது அதற்குப் பழகிவிடும். நாட்பட்ட நோயும் அப்படித்தான்; வெளியிலிருந்து வருபவரே முதலில் கவனிப்பார்.

பியானோவில் 88 கட்டைகள், ஏறத்தாழ 230 தந்திகள். அவற்றின் மொத்த இழுவிசை 15 தொன்னுக்கும் மேல். பெரும்பாலான சுரங்களுக்கு மூன்று தந்திகள் வீதம் உண்டு. இரண்டைக் கம்பளித் துண்டால் அடக்கி, ஒன்றைச் சரிசெய்து, மற்றவற்றை அதனுடன் சேர்ப்பார்கள். தந்திகள் ஒத்துப்போகாவிட்டால் ஒலி அலைஅலையாய் விம்மும். ஒத்ததும் அந்த விம்மல் அடங்கிவிடும்.

இன்னொரு விந்தை: பன்னிரண்டு தூய பஞ்சமங்களை அடுக்கினால் அவை ஏழு ஸ்தாயிகளைச் சற்றுத் தாண்டிவிடும். ஆகவே ஒவ்வொரு பஞ்சமத்தையும் மயிரிழை குறைத்தே வைக்கிறார்கள். ஒவ்வொன்றும் சிறிது விட்டுக்கொடுப்பதால் எல்லாச் சுருதியிலும் வாசிக்க முடிகிறது. சங்கக் கூட்டங்களில் அமர்ந்த எமக்கு இதை விளக்கவேண்டியதில்லை!

எமது நாட்டு ஈரக்காற்றில் ஒலிப்பலகை ஊதும், தந்தி துருப்பிடிக்கும். நீண்டகாலம் கவனியாது விட்ட பியானோவை ஒரே தடவையில் சீராக்க முடியாது. முதலில் எல்லாத் தந்திகளையும் உயர்த்தி, பின்பு மீண்டும் நுணுக்கமாய்க் கூட்டவேண்டும். அதற்குச் செலவும் அதிகம்.

எனவே எமது வேண்டுகோள் இதுதான். பியானோவுக்குப் புது வார்னிஷ் பூசுவதற்கு முன், ஆண்டுக்கு இருமுறை சுருதி கூட்ட நிரந்தர நிதி ஒன்றை ஒதுக்குவோம். வீட்டில் பியானோ இல்லாத பிள்ளையின் காது இங்கேதான் பழகுகிறது. அவள் பிழையான சுரத்தைச் சரியென்று கற்றுக்கொள்ளக்கூடாது.

பக்கத்து வீட்டார் ஆளனுப்பும்வரை காத்திராமல், நாமே கூப்பிடுவோம்.