கணினியில் ஒரு கோலம்

வாசலே இல்லாத அடுக்குமாடி வீடா? கவலையை விடுங்கள், கணினியில் கோலம் போடலாம். ‘கிம்ப்’ என்றொரு படம் திருத்தும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

600-க்கு 600 பிக்சலில், செம்மண் நிறத்தில் ஒரு படம் திறந்து, 100 பிக்சலுக்கு ஒரு கட்டம் போடுங்கள். உள்ளே கோடுகள் சந்திக்கிற இடங்கள்தான் ஐந்து புள்ளி, ஐந்து வரிசை, நேர்ப்புள்ளி. அடுத்து ‘சிமெட்ரி பெயின்டிங்’கில் ‘மண்டலா’வைத் தேர்ந்து 4 என்று வையுங்கள். ஒரு மூலையில் புள்ளி வைத்தால் நாலு மூலையிலும் விழும்! 25 புள்ளிக்கும் ஏழு தடவை தொட்டால் போதும். கோடும் அப்படியே; கால் பங்கு உங்களுடையது, முக்கால் பங்கு கணினியுடையது. இது கோலமே இல்லை என்று பாட்டி சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

புள்ளிகளைச் சுற்றிக் கோடு வளைந்தோடும் சிக்குக் கோலத்தில் மட்டும் கவனம் வேண்டும். உங்கள் கால் பகுதியைத் தாண்டும் கோடு, சுழன்று வரும் கோட்டோடு சேராவிட்டால் இழை அறுந்து நிற்கும். கோலங்களில் உள்ள இத்தகைய ஒழுங்கைத்தான் 1970-களிலேயே சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்வாளர்களும் கணினியியலின் இலக்கண விதிகளால் ஆராய்ந்தார்கள்.

கோடு அச்சடித்த மாதிரி வழவழவென்று இருக்கிறதா? தூரிகையில் ‘ஜிட்டர்’ என்பதைக் கூட்டுங்கள். விரலிடுக்கில் மாவு உதிர்ந்ததுபோல் சிதறும். எனக்குப் பிடித்த வித்தை இதுதான். ‘மண்டலா’வில் வைத்த 4 என்பதை 6 ஆக்கினால் ஆறிதழ்ப் பூ வரும். ஆனால் அதற்கு நேர்ப்புள்ளி உதவாது, ஒரு வரிசைப் புள்ளிகளின் இடைவெளியில் அடுத்த வரிசைப் புள்ளி வரும் இடைப்புள்ளிதான் வைக்க வேண்டும்.