கோலம் இருந்த வாசல்

(காணும் பொங்கல் மாலை, ஊர் நூலக வாசகர் வட்ட விழாவில் ஆற்றிய உரை)



இந்த ஊருக்கு 38 ஆண்டுகள் தபால் கொடுத்தவன் நான். என் சைக்கிள் மணி கேட்டு வாசலுக்கு ஓடி வந்தவர்கள்தான் இந்தப் பந்தலில் பாதிப் பேர். அந்த உரிமையில் இன்று உங்களோடு கொஞ்சம் பேச வந்திருக்கிறேன்.

இன்று காணும் பொங்கல். முதல் நாள் சூரியனுக்கு வைத்தோம். இரண்டாம் நாள் மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, மாட்டுக்கு வைத்தோம். மூன்றாம் நாளை நம் முன்னோர் மனிதருக்கு வைத்தார்கள். போய்ப் பார், பெரியவர் காலில் விழு, சின்னவர் கையில் காசு கொடு, சேதி கேள் என்று ஒரு நாளை ஒதுக்கினார்கள். மனிதரை மனிதர் காண்பதற்கென்றே பண்டிகை வைத்த ஊர் இது. அந்த நாளில் ஒரே ஒரு காரியத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். கதவைத் தட்டுவதைப் பற்றி.

மார்கழி பிறந்து தை முடிகிறவரை நம் ஊரில் நடக்கிற எதை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் யாரோ யார் வீட்டுக் கதவையோ தட்டுகிறார்கள். ஆண்டாளை எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பாவை 30 பாசுரம். அதில் ஆறாவது தொடங்கிப் பதினைந்தாவது வரை பத்துப் பாசுரத்தில் என்ன நடக்கிறது? தூங்குகிற தோழியை எழுப்புவது நடக்கிறது. நோன்பு இருக்க வந்தவள், பனியில் விடியுமுன் எழுந்தவள், நேரே நீராடப் போயிருக்கலாம். போகவில்லை. ஒவ்வொரு வாசலாக நின்று கூப்பிடுகிறாள். தன் பாட்டில் மூன்றில் ஒரு பங்கை அவள் அடுத்த வீட்டு வாசலில் வைத்தாள். மாணிக்கவாசகரின் திருவெம்பாவையும் தோழியை எழுப்புவதில்தான் தொடங்குகிறது. தனியாகப் போய்ச் சேருகிற புண்ணியம் மார்கழிக்கு வேண்டாம் போலிருக்கிறது.

வயதானவர்கள் 1999 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். பிறைக் கணக்கில் வருகிற ரம்ஜான் மாதம் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்ந்து நகர்ந்து, அந்த ஆண்டு மார்கழிக்குள் வந்து சேர்ந்தது. இரவு பத்து மணிக்கு மேல் நட்சத்திர விளக்கைத் தூக்கிக்கொண்டு கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ் வருவார்கள். மூன்றரை மணிக்கு, நோன்பாளிகளை சஹர் உணவுக்கு எழுப்ப, தப்ஸ் அடித்துக்கொண்டு பக்கீர் பாவா வருவார். நாலரை மணிக்குக் கோயிலிலிருந்து ஜால்ராவும் மிருதங்கமுமாகப் பஜனை புறப்படும். ஒரே இரவில் மூன்று பேர் வந்து இந்த ஊரை எழுப்பினார்கள். யார் வீட்டில் காய்ச்சல், யார் வீட்டில் பிரசவ வலி, யார் வீட்டு மாடு கன்று போட்டது என்பதெல்லாம் பொழுது விடிவதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். 2000 ஜனவரியில் பெருநாளும் பொங்கலும் ஒரு வார இடைவெளியில் வந்தன. எந்த வீட்டுத் தூக்கில் எந்த வீட்டுப் பலகாரம் இருக்கிறது என்று பிரிக்க முடியாத வாரம் அது.

தாய்மார்களே, உங்களுக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறேன். நம் ஊரில் முதல் பத்திரிகை உங்கள் வாசல்தான். அதிகாலையில் சாணி தெளித்து நீங்கள் போட்ட கோலத்தைப் படித்துக்கொண்டேதான் நான் தெருவில் வருவேன். கோலம் பெரிதாக இருந்தால் வெளியூரிலிருந்து பெண் வந்திருக்கிறாள். இழை தடுமாறி இருந்தால் அம்மாவுக்கு முடியவில்லை, சின்னப் பெண் போட்டிருக்கிறாள். சாணி உருண்டையில் பறங்கிப்பூ செருகியிருந்தால், அந்த வீட்டில் கல்யாண வயதில் பெண்ணோ பிள்ளையோ உண்டு என்று பெரியவர்கள் சொல்வார்கள். மார்கழியில் கல்யாணம் பேசமாட்டார்கள்; பூவைப் பார்த்து வைத்துக்கொண்டு தை பிறந்ததும் போய்ப் பேசுவார்கள். வாசல் வெறுமையாக இருந்தால் துக்கம். துக்க வீட்டில் அந்த ஆண்டு பொங்கல் வைக்கமாட்டார்கள் என்று தெரிந்து, பக்கத்து வீட்டில் ஒரு படி அரிசி கூடப் போடுவார்கள். இந்தச் சேதி எதையும் யாரும் வாயால் சொன்னதில்லை. அரிசி மாவு சொன்னது. தினமும் அழிந்து, தினமும் புதிதாக எழுதப்பட்டதால்தான் அது சேதி.

என் தபால் பையும் அப்படித்தான். மார்கழி பாதி தாண்டினால் பை கனத்துவிடும். பானையும் கரும்பும் அச்சடித்த பொங்கல் வாழ்த்துகள், சினிமா நடிகர் படம் போட்ட வாழ்த்துகள், பட்டாளத்துப் பிள்ளை அனுப்பிய மணியார்டர், தலைப்பொங்கலுக்குச் சீர் கொண்டுவருகிறோம் என்று பெண் வீட்டார் போட்ட இன்லேண்ட் லெட்டர். எழுதப் படிக்கத் தெரியாதவர் வீட்டில் நானே உட்கார்ந்து படித்துக் காட்டுவேன். அப்போது அவர் முகத்தைப் பார்ப்பேன். மெலிந்திருக்கிறாரா, கண் கலங்கியிருக்கிறதா, அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பேன். கடிதம் கொடுக்கிற சாக்கில் நான் ஊரைப் பார்த்துவிட்டு வந்தேன்.

நண்பர்களே, பழைய காலத்தைப் பொன்னாக்கிக் காட்டுவதற்கு இந்த மேடைக்கு நான் வரவில்லை. அந்தக் காலத்துப் பஜனை தெற்குத் தெருவோடு திரும்பிவிடும். அதற்கு அப்பால் இருந்த காலனிக்குள் போனதில்லை. சாவுச் சேதியையும் ஊர்க்கூட்டத்தையும் பறையடித்துச் சொல்லிப் போனவர் எல்லார் வாசலுக்கும் சேதி கொண்டுவந்தார். ஒரு வீட்டுத் திண்ணையிலும் அவர் உட்கார முடிந்ததில்லை. 2022 ஆகஸ்டில்தான் தமிழக அரசு, தண்டோரா போடும் வழக்கத்துக்குத் தடை விதித்தது. அதற்கு அத்தனை ஆண்டு ஆயிற்றே என்ற வெட்கம் நமக்கு இருக்கவேண்டும். நான் கேட்பது பழைய தட்டலை அப்படியே திரும்பக் கொண்டுவருவதை அல்ல. எந்தத் தெருக் கையும் எந்தத் தெருக் கதவையும் தட்டலாம் என்ற தட்டலைக் கேட்கிறேன். அது நம்மால் முடியும் என்பதற்குச் சாட்சியும் இருக்கிறது. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் அடித்து ஓய்ந்தபோது, பல வீட்டில் தட்டுவதற்குக் கதவே இல்லை. தென்னை விழுந்து கிடந்த தெருவில் யார் எந்தத் தெரு என்று எவரும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரே அண்டாவில் சமைத்துச் சாப்பிட்டோம். இரண்டு மாதத்தில் வந்த பொங்கலை ஓலையும் தார்ப்பாயும் போட்ட கூரையின் கீழ் வைத்தோம். அந்த மார்கழியில் இந்த ஊரில் ஒருவர்கூடத் தனியாக இல்லை.

இப்போது, சொல்லக் கஷ்டமான ஒன்றைச் சொல்கிறேன்.

போன ஆண்டு மார்கழி. மேலத்தெருவில் தனியாக இருந்த ஓர் அம்மா. பெயர் வேண்டாம், உங்களுக்கே தெரியும். குனிந்து கோலம் போட முட்டி விடவில்லை என்று, மகன் ஊருக்கு வந்திருந்தபோது வாசல் சிமெண்ட் தரையில் பெயிண்டால் அழகான கோலம் போட்டுக் கொடுத்திருந்தார். தாய் மேல் இருந்த பாசத்தில் செய்தது. அவர் மேல் ஒரு குறையும் இல்லை. ஒரு நாள் விடியற்காலை அந்த அம்மா கொல்லைக்குப் போயிருக்கிறார். பனியில் நனைந்த படி வழுக்கிவிட்டது. இடுப்பு எலும்பு முறிந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்திருக்கிறார். கூப்பிட்டிருக்கிறார். அந்த நேரம் கோயில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. மறுநாள் உச்சிப்பொழுதில் கீரை விற்க வந்த பெண்தான், எப்போதும் வாங்குகிற அம்மாவைக் காணோமே என்று கொல்லைப் பக்கம் போய்ப் பார்த்தாள்.

ஒன்றரை நாள். அந்த ஒன்றரை நாளில் அந்த வாசலைத் தாண்டி எத்தனை பேர் போயிருப்போம்! நானும் இரண்டு முறை போனேன். பழக்கத்தில் வாசலைப் பார்த்தேன். கோலம் இருந்தது. அதனால் கதவைத் தட்டவில்லை.

அந்தக் கதவை நான் பல ஆண்டுகள் மாதந்தோறும் தட்டியிருக்கிறேன், மகன் அனுப்பிய மணியார்டரோடு. பிறகு பணம் வங்கிக் கணக்குக்குப் போனது. நல்லதுதான், அனுப்பிய நிமிடத்தில் வந்து சேருகிறது. ஆனால் பணத்தோடு சேர்ந்து வந்த தட்டல் நின்றுபோனது. பஜனைக்குப் பதில் ஒலிபெருக்கி வந்தது, அதற்கு அடுத்த வீட்டுக் குரல் கேட்காது. வாழ்த்து அட்டைக்குப் பதில் வாட்ஸ்அப் வந்தது, அதில் முகம் மெலிந்திருப்பது தெரியாது. எதையும் நான் வேண்டாமென்று சொல்லவில்லை. நின்றுபோன தட்டலுக்குப் பதிலாக நாம் ஒன்றும் வைக்கவில்லை, அவ்வளவுதான் என் வருத்தம். அந்தக் கடனை இந்தத் தையிலேயே அடைக்கவேண்டும் என்று கேட்கிறேன்.

என்ன செய்யலாம்? மூன்று காரியம் சொல்கிறேன்.

முதலாவது, பெயிண்ட் கோலத்தை யாரும் அழிக்கவேண்டாம். முட்டி வலிக்கிறவருக்கு அது மருந்து. ஆனால் அதன் நடுவில் தினமும் ஒரு பூ வையுங்கள். பறங்கிப்பூ இல்லையா, செம்பருத்தி, அதுவும் இல்லையா, ஒரு வேப்பிலைக் கொத்து. கல்யாணச் சேதி சொன்ன பூ, இனி நான் நன்றாக இருக்கிறேன் என்ற சேதியைச் சொல்லட்டும். நேற்று வைத்த பூ வாடிக் கிடந்தால், போகிறவர் யாராக இருந்தாலும் நின்று அந்தக் கதவைத் தட்டவேண்டும்.

இரண்டாவது, பிள்ளைகளே, இது உங்களுக்கு. பொங்கல் பிரசாதத்துக்காக மார்கழி முப்பது நாளும் நாலரை மணிக்கு எழுந்து கோயிலுக்கு வந்தீர்கள். அந்த எழுச்சியை விட்டுவிடாதீர்கள். வாசகர் வட்டம் தெருவுக்கு ஒரு நோட்டுப் போடட்டும். தனியாக இருக்கும் பெரியவர் யார், அவர் வாசலைப் பள்ளிக்கூடம் போகும் வழியில் பார்க்கிற பிள்ளை யார், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய மகனோ மகளோ யார் என்று மூன்று பத்தி போதும். காலனியில் தொடங்கி மேலத்தெருவில் முடியட்டும் அந்த நோட்டு. நம் பஜனை போகாமல் விட்ட இடத்திலிருந்தே அது புறப்படட்டும்.

மூன்றாவது, ஜனவரி 26. இன்னும் சில நாளில் குடியரசு நாள் கிராம சபை. ஆண்டுக்கு நான்காக இருந்த கிராம சபையை, மார்ச் 22 தண்ணீர் தினத்தையும் நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தையும் சேர்த்து ஆறாக்கியிருக்கிறார்கள்.  வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர்; யாரும் அழைப்பிதழ் வைத்து அழைக்கவேண்டியதில்லை. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேராவது வந்து கையெழுத்துப் போட்டால்தான் கூட்டம் செல்லும். நூறு பேர் இங்கேயே இருக்கிறோம். மேலத்தெரு முனையில் எரியாத விளக்கு, காலனிப் பாதையில் நிற்கிற சாக்கடை, கிழவர்கள் வழுக்கி விழாமல் ஏறப் பொதுக்குளத்துப் படிக்கு ஒரு கைப்பிடி, இவற்றை அங்கே தீர்மானமாக எழுதி வாங்குவோம். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டக் கற்றவர்களுக்கு அரசாங்கத்தின் கதவைத் தட்டக் கூச்சம் இருக்காது. 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத் திருத்தம் அந்த உரிமையை நம் கையில் கொடுத்திருக்கிறது. அந்தக் கதவைத் தட்டாமல் இருப்பதும், வாசலைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போவதும் ஒன்றுதான்.

கடைசியாக ஒரு சேதி. தபால்காரன் சேதி இல்லாமல் மேடையிலிருந்து இறங்கக்கூடாது.

அந்த அம்மா இப்போது மகன் வீட்டில் இருக்கிறார். எலும்பு கூடிவிட்டது. கோலைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். சித்திரைக்கு ஊருக்கு வரவேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாராம். மகன் என்னோடு பேசினார். "அங்கே வந்தால் அம்மாவை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். இன்று காலை அந்த வாசல் வழியாக வந்தேன். கதவு பூட்டியிருக்கிறது. கோலம் அப்படியே இருக்கிறது.

அந்த மகனுக்கு ஓர் அஞ்சல் அட்டை எழுதலாம் என்று இருக்கிறேன். 50 காசு அட்டை. இத்தனை ஆண்டு மற்றவர் எழுதியதைக் கொண்டுபோய்க் கொடுத்தவன், ஊருக்காக ஒன்று எழுத ஆசைப்படுகிறேன். அதில் ஒரு வரிதான் எழுதவேண்டும்: "அம்மாவை அனுப்புங்கள், தினம் பூ வைக்க ஆள் இருக்கிறது, பூ வாடினால் கதவைத் தட்டவும் ஆள் இருக்கிறது."

பொய் எழுதிய அட்டையைத் தபால் பெட்டியில் போட எனக்குக் கை வராது. அந்த வரியை மெய்யாக்கித் தரவேண்டியது நீங்கள். இன்று காணும் பொங்கல். பந்தலை விட்டுப் போகும்போது, உங்கள் தெருவில் தனியாக இருக்கிற ஒருவரைப் போய்ப் பார்த்துவிட்டு, பிறகு உங்கள் வீட்டுக்குப் போங்கள். நாளைக் காலை வந்து என்னிடம் சொல்லுங்கள். நான் அட்டையை எழுதுகிறேன்.