மார்கழி இருட்டும் ஒரு கோப்பைத் தேத்தண்ணியும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



மாரிகாலத்தில் பெண்களின் உடல்நலம் பற்றிப் பேசும்படி விழாக் குழுவினர் எம்மைக் கேட்டார்கள். வைத்தியர் மேடையேறினால் மாத்திரைப் பட்டியல் வரும் என்று பயப்பட வேண்டாம். நம் வீடுகளில் நம் அம்மாமார் மழை மாதங்களை எப்படிக் கடந்தார்கள் என்பதைத்தான் பேசப் போகிறோம்.

நம் ஊவா மாகாணத்தின் காலநிலை தனி. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் வறண்ட காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு உலகப் பெயர் வாங்கித்தந்த மணம் ஏறுகிறது. ஒக்டோபரில் இடைப்பருவ மழை பிடித்துக்கொள்ளும். அது ஓயுமுன் வடகீழ்ப் பருவமழை வந்துவிடும். மார்கழியில் பல நாட்கள் நமுனுகுல மலை இருக்கும் திசையே தெரியாது. பசறையில், மடுல்சீமையில், ஹப்புத்தளையில் லயத்து வாசலில் நின்றால் அடுத்த லயம் மூடுபனிக்குள் மறைந்திருக்கும். சாதாரணதரப் பரீட்சையும் நம் காலத்தில் டிசம்பரில்தான். காயாத வெள்ளைச் சீருடையைச் சிரட்டைக்கரி இஸ்திரிப் பெட்டியால் காய வைத்து, அடுப்புப் புகை மணத்தோடு வகுப்பில் வந்து உட்கார்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

வெளிச்சம் குறைந்தால் மனமும் சோர்வது உண்மைதான். நோர்மன் ரோசந்தால் என்ற மனநல மருத்துவரும் அவரது குழுவினரும் 1984இல் அமெரிக்காவில் இதைப் பருவகால மனச்சோர்வு என்று விவரித்தார்கள். டிசம்பரில் லண்டனில் பகல் 8 மணி நேரம்கூட இல்லை. டொரொன்டோவில் சுமார் 9 மணி நேரம். அங்கிருக்கும் சகோதரிகள், இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்பும்போது காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால், அது பலவீனம் அல்ல. காலையில் சிறிது நேரம் வெளிச்சத்தில் நடவுங்கள். தொடர்ந்தால் உங்கள் வைத்தியரிடம் சொல்லுங்கள். ஒளிச் சிகிச்சை உட்பட வழிகள் உண்டு.

பதுளையில் பகல் அவ்வளவு குறைவதில்லை. மார்கழியிலும் ஏறக்குறைய 11 மணி 45 நிமிடம் உண்டு. இங்கே மனதை அழுத்துவது வேறு. மழை பலத்தால் அரைப் பெயரோடு வீடு திரும்ப வேண்டுமோ என்ற கவலை. அதற்கும் மேலாக, மண் சரியுமோ என்ற பயம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. பாடசாலைக்குப் போயிருந்ததால் உயிர் தப்பிய பிள்ளைகள் இருந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மிக மோசமாகத் தாக்கிய மாவட்டங்களில் நம் பதுளையும் ஒன்று. ஆகவே இங்கே கூரையில் மழைச் சத்தம் கேட்டால் பலருக்குத் தூக்கம் வருவதில்லை. அவர்களிடம் போய் 'மனதைத் தைரியமாக வைத்துக்கொள்' என்று மட்டும் சொல்வது போதாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை வந்தால் எங்கே போவது, எதை எடுப்பது, கிழவிகளை யார் கூட்டிப்போவது என்று வீட்டில் முன்கூட்டியே பேசி வைப்பதும் மனதுக்கு மருந்துதான்.

இனி நம் வீட்டுப் பழக்கங்களுக்கு வருவோம். விடியுமுன் கோவிலில் மார்கழிப் பஜனை. தூக்கம் கலையாமலே போனாலும், நாலு பேரோடு நடந்து, வாய்விட்டுப் பாடி, சுடச்சுடப் பொங்கல் வாங்கித் தின்று வருவோம். ஒரே நேரத்தில் எழுவதும், நடப்பதும், சேர்ந்து பாடுவதும் சோர்வைத் தள்ளும் என்பதை அந்தப் பாட்டிமார் படிக்காமலே அறிந்திருந்தார்கள். பிறகு கொத்தமல்லித் தண்ணி, இஞ்சித் தேத்தண்ணி, தணலில் சுட்ட ரொட்டியும் கட்டச்சம்பலும். மலையிலிருந்து வந்ததும் நனைந்த படங்கை அவிழ்த்துவிட்டு வெந்நீரில் கால் கழுவி, விரலிடுக்கைத் துடைத்துவிடுவது. இவை எல்லாம் நல்லவை; விடாதீர்கள்.

சிலவற்றைத் திருத்திக்கொள்ள வேண்டும். குளிருக்கென்று கரிச்சட்டியை மூடிய அறைக்குள் வைத்துத் தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோகும். ஈர விறகின் புகை பிள்ளைகளின் நெஞ்சுக்கு ஆகாது. ஒரு ஜன்னலாவது திறந்திருக்கட்டும். குளிருக்குச் சாராயம் நல்லது என்பதும் பொய். தோல் சூடாவது போலிருக்கும். உடம்போ சூட்டை இழக்கும். தேத்தண்ணியைச் சாப்பாட்டோடு குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். எப்போதும் குளிர்கிறது, எப்போதும் அசதி என்றால் வானிலையை மட்டும் குறை சொல்லாமல் இரத்தம் பரிசோதியுங்கள். இரத்தச் சோகையாக இருக்கலாம், தைரொயிட் குறைபாடாகவும் இருக்கலாம்.

சகோதரிகளே, இன்று வலியுறுத்த விரும்புவது ஒன்று உண்டு. அந்தச் சூட்டை எல்லாம் உண்டாக்கியவர் அம்மா; அது கடைசியாகக் கிடைத்ததும் அவருக்கே. வெந்நீர் அப்பாவுக்கு, காய்ந்த கம்பளி பிள்ளைக்கு, முதல் தேத்தண்ணி மாமியாருக்கு. அம்மா குடிக்கும்போது ஆறியிருக்கும். நாம் படித்தோம், உத்தியோகம் பார்க்கிறோம், சிலர் வெளிநாட்டில் கார் ஓட்டுகிறோம்; அந்த ஆறிய கோப்பை மட்டும் இன்னும் நம் கையில் இருக்கிறது. வைத்தியசாலையில் நாம் காணும் நாற்பது வயதுப் பெண்களில் பலர் வருத்தம் முற்றிய பிறகே வருகிறார்கள். கேட்டால், 'பிள்ளைக்குப் பரீட்சை', 'வீட்டில் ஆளில்லை' என்பார்கள். இந்த மார்கழியில் ஒரு கோப்பையைச் சூடாக, உட்கார்ந்து குடியுங்கள். யாரும் பட்டினி கிடக்கமாட்டார்கள்.

சில நேரம் இந்தச் சிறு ஆறுதல்கள் போதாமற் போகும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு வேண்டாம், எதிலும் பிடிப்பில்லை, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால் கொத்தமல்லித் தண்ணியோடு காத்திருக்க வேண்டாம். உயிரை விடும் எண்ணம் வந்தால் இரண்டு வாரமும் பார்க்க வேண்டாம். அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். இலங்கையில் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம். அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்கும் போகலாம். மனநலக் கிளினிக்குக்குப் போவதில் வெட்கப்பட எதுவுமில்லை.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மார்கழியிலும் நாம் ஒவ்வொருவரும் வகுப்புத் தோழி ஒருத்தியைத் தொலைபேசியில் அழைப்போம். நன்றாகப் பேசுகிறவளை விட்டுவிட்டு, நீண்ட நாளாகச் சத்தமில்லாமல் இருப்பவளைத் தேடுவோம். 'மழை எப்படி? நீ சாப்பிட்டாயா?' என்று கேட்டால் போதும்; மிச்சத்தை அவளே சொல்லுவாள்.