பயோடேட்டாவில் எட்டு வருஷம்



பி.காம். முடித்து ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்து வந்தவள் நான். 2012-இல் மாமியார் பக்கவாதத்தில் படுத்துவிட்டார். வேலையை விட்டேன். 2020-இல் அவர் காலமானார். மறு வருஷம் வேலை தேடலாம் என்று பழைய பயோடேட்டாவை எடுத்துப் பார்த்தால், தகப்பனார் பெயர், மதம், திருமணமானவரா என்பதெல்லாம் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. எல்லாவற்றையும் அடித்தேன். கணக்கு எழுதறதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம், சொல்லுங்க?

அந்த எட்டு வருஷத்தை என்ன செய்வது? ஆளாளுக்கு ஒரு யோசனை. "வருஷத்தைப் போடாதே, கம்பெனி பேரை மட்டும் போடு" என்றார் ஒருவர். அனுபவச் சான்றிதழில் தேதி இருக்கிறதே! "இல்ல நிர்வாகின்னு போடு, கௌரவமா இருக்கும்" என்றார் இன்னொருவர். எனக்குச் சிரிப்புதான் வந்தது. "2012–2020: குடும்பத்தில் ஒருவருக்கு முழுநேரப் பராமரிப்பு" என்று ஒரே வரி எழுதினேன். யாருக்கு, என்ன நோய் என்பது அவர்களுக்குத் தேவையில்லை. மருத்துவமனை பில், இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் எல்லாம் நான்தான் பார்த்தேன். அதைத் தாளில் ஏற்றவில்லை; நேரில் கேட்டால் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன்.

என்னை உண்மையில் பயமுறுத்தியது வேறு. நான் விட்டுப்போனபோது இருந்தது வாட் வரி. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்துவிட்டது. 2018-இல் இ-வே பில். 2020 நவம்பரில் டாலி பிரைம். இதெல்லாம் இவளுக்குத் தெரியுமா என்று கேட்பது நியாயமான கேள்வி. தெருமுனை ஹார்டுவேர் கடையில் நாலு மாதம் உட்கார்ந்து, மாதாமாதம் ஜி.எஸ்.டி.ஆர்.-1, 3பி ரிட்டர்ன்களைத் தயார் செய்தேன். பயோடேட்டாவில் முதலில் வைத்தது அந்த நாலு மாதத்தைத்தான். விசாரிக்க வேண்டுமானால் கடைக்காரரின் போன் நம்பர், அவரிடம் கேட்டுக்கொண்டு.

ஏழெட்டு இடத்தில் பதிலே இல்லை. ஓர் இடத்தில், "திரும்ப யாருக்காவது முடியாமப் போனா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்கள். "உங்க வீட்ல முடியாமப் போனா நீங்க என்ன சார் பண்ணுவீங்க?" என்றேன். அந்த வேலை கிடைக்கவில்லை! அடுத்த இடத்தில் கிடைத்தது. சம்பளம், என்னோடு சேர்ந்த பையனைவிடக் குறைவு. ஒரு வருஷம் கழித்துப் பேசித்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது.

இங்கே வந்திருக்கும் பலர் இன்று ஆள் எடுக்கும் நாற்காலியில் இருக்கிறீர்கள். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, 15 முதல் 59 வயதுப் பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டாரைப் பராமரிக்கிறார்கள், நாளுக்குச் சுமார் 140 நிமிஷம். ஆண்களில் 21 சதவீதம், 74 நிமிஷம். ஆக, இப்படியொரு தாள் உங்கள் மேஜைக்கு வரத்தான் செய்யும். அந்த ஒரு வரியைப் பார்த்ததும் ஒதுக்கிவிடாதீர்கள். கூப்பிட்டு, ஒரு ரிட்டர்ன் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தெரியவில்லை என்றால் தாராளமாக அனுப்பிவிடுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வணிகவியல் துறை வராந்தாவில் இருப்பேன். தாள் எழுத உதவி வேண்டுமென்றால் பழைய பயோடேட்டாவோடு வாங்க. நாலு மணி பஸ் வரைக்கும் நேரம் இருக்கிறது.