நம் வாட்ச்மேனின் பிஎஃப் கணக்கை யார் பார்ப்பது?

(சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் நம் குடியிருப்புவாசி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

தண்ணீர் லாரி, லிஃப்ட் எல்லாம் பேசி முடித்துவிட்டோம். நான் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், பிஎஃப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார் செயலாளர்.

முதலில் மும்பையில் நடந்த ஒன்று. 2021-இல் காந்திவலி பிஎஃப் அலுவலகத்தில் சுமார் 21 கோடி ரூபாய் மோசடி வெளியே வந்தது. மூடிப்போன கம்பெனிகளில் வேலை பார்த்ததாக ஆட்களைக் காட்டிப் பணம் கேட்டு விண்ணப்பம் போட, அலுவலகத்துக்குள் இருந்தவர்களே அதைப் பாஸ் செய்தார்கள். பணம் 817 வங்கிக் கணக்குகளுக்குப் போனது. அவற்றில் பெரும்பாலானவை பிழைப்புக்காக மும்பை வந்த தொழிலாளர்களின் கணக்குகள். கொரோனாவுக்காக விதிகளைத் தளர்த்தியிருந்த நேரம் அது. பாஸ்வேர்டும் கைமாறியிருந்தது. பிறகு சிபிஐ வழக்குப் பதிவு செய்தது.

பிஎஃப் நிறுவனத்துக்குத் தணிக்கை இல்லாமல் இல்லை. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பார்க்கிறார். உள் தணிக்கையும் உண்டு. ஆனால் காந்திவலியில் விசாரணையைத் தொடங்கி வைத்தது பெயர் போடாத ஒரு புகார். கோடிக்கணக்கான கணக்குகளில் தணிக்கையாளர் சிலவற்றைத்தான் எடுத்துப் பார்க்க முடியும். மூடிய கம்பெனியின் கணக்கைப் பற்றிக் கேட்க யாரும் வரமாட்டார்கள். அங்கேதான் கை வைத்தார்கள்.

கேட்க ஆளில்லாத கணக்குகள் நம் திருப்பூரில் குறைவா? சீசனுக்கு ஒரு பனியன் கம்பெனி, ஆர்டர் இல்லையென்றால் வேறு கம்பெனி. சிலருக்கு இரண்டு மூன்று யுஏஎன் எண்கள். பழைய மொபைல் நம்பரும் போயிருக்கும்.

நம் கட்டடத்துக்கே வருகிறேன். போன வருடம் செக்யூரிட்டி ஏஜென்சி பில்லில் ஆறு பேருக்கு பிஎஃப் என்று தொகை போட்டு, கூடவே சலானும் வைத்திருந்தார்கள். சலானில் மொத்தத் தொகை மட்டும்தான் இருக்கும். ஆட்களின் பெயரும் யுஏஎன் எண்ணும் இருக்கும் ஈசிஆர் பட்டியலைக் கேட்டேன். அதில் நம் ஆட்கள் நான்கு பேர்தான் இருந்தார்கள். விட்டுப்போன ஒருவரிடம் கேட்டபோது, "சம்பளத்துல புடிக்கறாங்க, அது தெரியுமுங்க. கட்டறாங்களான்னு தெரியாதுங்க" என்றார். பில்லை நிறுத்தி வைத்தோம். இரண்டு மாதத்தில் பாக்கியைக் கட்டிவிட்டு வந்தார்கள்.

இதில் போவது சேமிப்பு மட்டுமல்ல. 12,000 ரூபாய் சம்பளம் என்றால் தொழிலாளியிடம் 12 சதவீதம், அதாவது 1,440 பிடிக்கிறார்கள். முதலாளி போடும் 1,440-இல் சுமார் 1,000 ரூபாய், 8.33 சதவீதம், ஓய்வூதியத்துக்குப் போகிறது. மாத ஓய்வூதியம் வேண்டுமென்றால் பத்து வருடப் பணி கணக்கில் இருக்க வேண்டும். கட்டாமல் விட்ட மாதங்கள் சேர்ந்து ஒன்பது வருடத்தில் நின்றுவிட்டால், அவருக்கு மாதா மாதம் வர வேண்டியது வராது. அது அவருக்குத் தெரியும்போது வயது ஐம்பத்தெட்டு ஆகியிருக்கும்.

ஆகவே மூன்று விஷயங்கள் கேட்கிறேன். ஒன்று, இனி ஒவ்வொரு மாதமும் ஈசிஆர் பட்டியலில் நம் ஆட்களின் பெயரைச் சரிபார்த்த பிறகே ஏஜென்சி பில்லுக்குப் பணம். இரண்டு, அடுத்த ஞாயிறு காலை கிளப் அறையில் வாட்ச்மேன், ஹவுஸ் கீப்பிங் ஆட்களுக்கு உமாங் செயலியில் பிஎஃப் பாஸ்புக் பார்க்கக் கற்றுக்கொடுப்போம். பிள்ளைகள் இரண்டு பேர் உதவிக்கு வந்தால் போதும். பதிவு செய்த மொபைலில் இருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தாலும் இருப்பு குறுஞ்செய்தியாக வரும். ஓடிபியையும் வங்கிக் கணக்கையும் யாருக்கும் இரவல் தரக்கூடாது என்பதையும் அன்றே சொல்லிவிடலாம்.

மூன்றாவது, இங்கே பனியன் கம்பெனி நடத்துகிறவர்களுக்கு. காண்ட்ராக்டர் மூலம் வரும் ஆட்களின் பிஎஃப்புக்கும் சட்டப்படி முதன்மைப் பொறுப்பு உங்களுடையது. காண்ட்ராக்டர் தரும் சலானோடு நின்றுவிடாதீர்கள்.

நம் கேட்டில் இரவு முழுக்க விழித்திருக்கும் மனிதரின் கணக்கை மாதம் ஒரு தடவை நாம் விழித்துப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் பெயர் கொடுங்கள்.