கல்லூரிப் படியேறுவோருக்கு
(பங்கு இளையோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



உங்களிற் பலர் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்கிறீர்கள். 1951-இல் திருப்பத்தூரில் சலேசிய சபையார் தூய நெஞ்சக் கல்லூரியை நிறுவினர். 1966-இல் நம் திருவண்ணாமலையிலேயே அரசு கலைக் கல்லூரி தோன்றியது. உங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு அவற்றால் வழி பிறந்தது.

பள்ளியில் ஆசிரியர் துரத்திப் படிக்க வைத்தார். கல்லூரியில் எவரும் துரத்தமாட்டார், ஆபத்து அங்கேதான். பருவத் தேர்வு எழுத நூற்றுக்கு 75 வருகை வேண்டும். பௌர்ணமியன்று பேருந்தில் இடமில்லை, மாமன் வீட்டுத் திருமணம் என்று நழுவவிட்ட நாட்களை நவம்பரில் எண்ணிக் கண்ணீர் விடுவோர் உண்டு.

தமிழ்வழியில் படித்தோர்க்கு ஆங்கில விரிவுரை முதல் மாதம் விளங்காது. அது அறிவுக் குறைவன்று. குருமடத்தில் மெய்யியல் வகுப்பில் நானும் விழித்தவன்தான். வெட்கத்தால் வாய்மூடிக் கடைசி இருக்கையில் ஒடுங்குகிறவனே பாதியில் ஊர் திரும்புகிறான். எழுந்து கேளுங்கள். சிரிப்பவர் சிரிக்கட்டும், அவர்களுக்கும் விளங்கியிராது! அன்றைய பாடத்தை அன்றிரவே அகராதியை வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள்.

பெற்றோரே, பிள்ளை ஒரு தாளில் தவறினால் “போதும், வேலைக்கு வா” என்று அழைத்துவிடாதீர்கள். அத்தாளை மீண்டும் எழுதலாம். கட்டணம் கட்ட இயலாதோர் என்னிடம் தனியே சொல்லுங்கள். மாலைச் செபமாலைக்குப் பின் பங்கு இல்லத்தில் இருப்பேன்.